சிக்கன் பர்கர் சக்கையாகாமல் இருக்க: வெங்காயமா, லெக் பீஸா, பாலில் ஊறிய பிரெட்டா?

நெஞ்சுக்கறியில் பர்கர் தட்டினால் சக்கையாகத்தான் வரும் என்பது பாதி உண்மை. தோல் நீக்கிச் சமைத்த நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு மூன்றரை கிராம் அளவுக்குத்தான் கொழுப்பு. போதாததற்கு, கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாக வேண்டும். கொத்திய கறியில் கிருமி உள்ளே வரை கலந்திருக்கும் என்பதால் இதில் சமரசம் கிடையாது. ஆனால் 65 டிகிரியைத் தாண்டும்போதே தசை இறுகி, தன்னிடம் இருக்கும் நீரைப் பிழிந்து தள்ளிவிடுகிறது. அந்த நீரைப் பிடித்துவைக்க உள்ளே ஏதாவது வேண்டும். எங்கள் வீட்டில் போட்டிக்கு வந்தவை துருவிய வெங்காயம், லெக் பீஸ், பாலில் ஊறிய பிரெட். இப்போது நிலைத்திருப்பது பிரெட்தான்.

வெங்காயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசனை நன்றாக இருக்கும். ஆனால் தோசைக்கல்லில் நீர் விட்டு, சிவப்பதற்குப் பதில் வேகும், திருப்பும்போது பிளக்கும். பிழிந்துவிட்டுப் போட்டால் பிளக்காது, ஆனால் எதற்காகப் போட்டோமோ அந்த ஈரமே போய்விடுகிறது. தயிரும் இதே ரகம், கூடவே லேசான புளிப்பு. கோலா உருண்டை பழக்கத்தில் சிலர் பொட்டுக்கடலை மாவு சேர்ப்பார்கள். கொழுப்புள்ள ஆட்டுக்கறிக்கு அது சரி. நெஞ்சுக்கறியில் காய்ந்த மாவைப் போட்டால் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அதுவே குடித்துவிடும்.

லெக் பீஸ்தான் பிரெட்டுக்குச் சரியான போட்டி. கொழுப்பு நெஞ்சுக்கறியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஓரிரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கெட்டுப்போகாது. சுவையும் ஒரு படி மேல். ‘பாய், லெக் பீஸ்ல எலும்பு எடுத்துக் கொத்திக் கொடுங்க’ என்றால் கறிக்கடையில் செய்து தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் மட்டும் கேட்காதீர்கள். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போகும் பர்கர் என்றால், கொழுப்புக் கணக்கும் பார்க்காதவர் என்றால், நானே இதைத்தான் சொல்வேன்.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது மறுநாள் சூடாக்குவதுதான். வெளியே 32 டிகிரிக்கு மேல் போனால் சமைத்த கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. சென்னையில் அது கோடைக்கு மட்டுமான கவலை இல்லை. அதனால் இரவு செய்த பர்கர் பிரிட்ஜுக்குப் போகிறது, காலையில் ஐஸ் பேக்கோடு டப்பாவில் ஏறி, ஆபீஸ் பிரிட்ஜில் இறங்கி, மதியம் மைக்ரோவேவில் சுழல்கிறது. ஏற்கெனவே பிழியப்பட்ட தசை அங்கே இரண்டாம் முறை பிழியப்படும். வெங்காயம் போட்டது பன்னை ஊறவைத்துவிட்டுத் தான் காய்ந்து கிடக்கும். லெக் பீஸ் தேறிவிடும், ஆனால் டப்பாவின் அடியில் எண்ணெய் நிற்கும். பிரெட் போட்டதுதான் ஏறக்குறைய இரவு இருந்த மாதிரியே இருக்கிறது. பாலைக் குடித்து உப்பிய பிரெட்டின் மாவுச்சத்து கறித் துணுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, அவை ஒன்றோடொன்று ஒட்டி இறுகவிடாமல் தடுக்கிறது. தான் குடித்ததையும் எளிதில் விடுவதில்லை.

அரைக் கிலோ கொத்துக்கறிக்கு ஓரம் நீக்கிய இரண்டு துண்டு பிரெட், நான்கு டேபிள்ஸ்பூன் பால். கூழாக மசித்த பிறகே கறியோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். உப்பைக் கடைசியில், தட்டுவதற்குச் சற்று முன் போடுங்கள். முன்னதாகவே போட்டுப் பிசைந்தால் கறி சாசேஜ் மாதிரி ரப்பராகிவிடும். கலவை பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, கையை நனைத்துக்கொண்டு தட்டினால் சரி. இரண்டு பக்கமும் சிவந்த பிறகு மூடி போட்டு மிதமான தீயில் வேகவிடலாம். நடுவில் வெந்துவிட்டதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுவது நல்லது.

பிரெட்டுக்கும் குறை உண்டு. கறிச்சுவை கொஞ்சம் அடங்கும். மிளகும் பூண்டும் தாராளமாகப் போட வேண்டியிருக்கிறது. வாங்கும் பிரெட் இனிப்பாக இருந்தால் அதுவும் நாக்கில் தெரியும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் எலும்புச் சாறில் ஊறவைக்கலாம், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏர்ஃப்ரையரில் அதிகம் செய்ததில்லை. செய்த வரையில் மேல்பக்கம் காய்ந்துதான் வந்தது, எண்ணெய் தடவியும்.