சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சியா, ஆப்டிகல் கேபிளா?

ஏஆர்சி என்பது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி. ஆப்டிகல் கேபிள் அதே ஒலியை ஒளியாக அனுப்பும்.

ஒலி: ஆப்டிகலில் ஸ்டீரியோவும் சுருக்கப்பட்ட 5.1 (ஆறு சேனல் சரவுண்ட்) ஒலியும்தான் போகும். மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி அட்மாஸ் போகாது. ஏஆர்சியில் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கப்பட்ட ஒலி வடிவம் வழியாக அட்மாஸ் வர முடியும். ப்ளூ-ரே டிஸ்க்கின் ட்ரூஎச்டி ஒலி தரம் குறையாமல் வர, டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) இருக்க வேண்டும்.

ரிமோட்: ஏஆர்சியில் டிவி ரிமோட்டே போதும். ஆப்டிகலில் பெரும்பாலும் இரண்டு.

சிக்கல்: ஏஆர்சியில் சத்தமே வரவில்லையா? ஏஆர்சி என்று குறித்துள்ள போர்ட்டில்தான் கேபிளைச் செருக வேண்டும். பிறகு டிவி செட்டிங்கில் சிஇசியை (எச்டிஎம்ஐயில் இணைத்த கருவிகளை ஒரே ரிமோட்டில் இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பது பெரிய தொல்லை. ஆப்டிகல் கேபிளின் முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியாக வேண்டும். கூர்மையாக மடித்தால் உள்ளிழை உடைந்துவிடும். மின் இரைச்சல் மட்டும் அதில் ஏறாது.

சினிமாவுக்கு ஏஆர்சி. செய்தி, சீரியலுக்கும் ஏஆர்சி இல்லாத பழைய டிவிக்கும் ஆப்டிகலே போதும்.