சூடேறும் பிராசஸர்: காற்றுக் குளிர்விப்பானா, திரவக் குளிர்விப்பானா?

நான்கு ஆண்டுகள் குறையின்றி உழைத்த என் மேசைக் கணினியில், ஒரு நாள் நீண்ட காணொளி ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கணக்கீடுகளைச் செய்யும் முதன்மைச் சில்லான பிராசஸரின் வெப்பநிலை 97 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதே வேலையில் அதற்கு முன் 70 டிகிரியைத் தாண்டியதில்லை. அதில் பொருத்தியிருந்தது 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட, ஆலையிலேயே அடைத்து மூடப்பட்ட திரவக் குளிர்விப்பான். பிராசஸரின் மேல் சூடாகும் தண்ணீரை ஒரு பம்ப் ரப்பர் குழாய்கள் வழியே ரேடியேட்டருக்கு அனுப்பும்; அங்கே விசிறிகள் அதைக் குளிர்விக்கும். கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று மாலைப் பொழுதுகள் செலவாயின. அதன்பின் உலோகத் தகடுகளை இரண்டு கோபுரங்களாக அடுக்கிய காற்றுக் குளிர்விப்பானுக்கு மாறினேன். இந்த ஒப்பீடு அந்த அனுபவத்திலிருந்து எழுந்தது என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளிர்விப்பானைக் குறை சொல்வதற்கு முன், காணும் வெப்பநிலை உண்மையிலேயே கோளாறுதானா என்று பார்க்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை பிராசஸர்களில் பல, முழுச் சுமையில் 95 டிகிரி வரை சென்று அங்கேயே நின்று இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இன்டெல்லின் ஐ9-13900கே பிராசஸர் 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும். சில மதர்போர்டுகள் (பிராசஸரைப் பொருத்தும் முதன்மைப் பலகைகள்) அந்த வரம்பையும் தளர்த்திவிட்டே வந்து சேருகின்றன. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் மின்வரம்பைக் குறைத்தவுடன் வெப்பநிலை சட்டென்று இறங்கி, வேலையின் வேகம் சிறிதளவே குறைந்தால், எந்தக் குளிர்விப்பானையும் மாற்ற வேண்டியதில்லை. என் கணினியில் அமைப்பு எதுவும் மாறவில்லை, அறையின் வெப்பமும் மாறவில்லை. ஆகவே அது கோளாறுதான்.

விலை, தோற்றம், சத்தம் ஆகியவற்றில் நீண்ட விவாதம் தேவையில்லை. காற்றுக் குளிர்விப்பான் மலிவு. திரவக் குளிர்விப்பான் பிராசஸரைச் சுற்றி இடம் விட்டு அழகாக அமரும். சத்தம் பெரும்பாலும் விசிறியையும் அதற்கு நாம் வைக்கும் வேக அமைப்பையும் பொறுத்தது. குளிர்விக்கும் திறனிலும், நடுத்தர மின்செலவுள்ள பிராசஸர்களைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே சில டிகிரிகளே வேறுபாடு.

நான் முடிவெடுத்தது வேறொரு கேள்வியை வைத்து: சில ஆண்டுகள் கழித்து வெப்பநிலை ஏறினால், ஏன் ஏறியது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

காற்றுக் குளிர்விப்பானில் அசையும் பாகம் விசிறி மட்டுமே. செம்புக் குழாய்களுக்குள் இருக்கும் சிறிதளவு திரவம் ஆவியாகி, மறுபடி குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே தானாகத் திரும்பி வருகிறது. அதை இயக்க மோட்டார் எதுவும் இல்லை. எனவே சந்தேகிக்க வேண்டியவை நான்கே: விசிறி, தகடுகளுக்கு இடையே படிந்த தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட் (பிராசஸருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே வெப்பம் கடத்தப் பூசும் பசை), தளர்ந்த திருகு. முதல் இரண்டும் கண்ணுக்கே தெரியும். மற்றவற்றை வெப்பநிலை ஏறும் விதமே காட்டிக்கொடுக்கும். சுமை கொடுத்த சில நொடிகளிலேயே உச்சத்துக்குத் தாவினால், பிராசஸருக்கும் குளிர்விப்பானின் அடித்தகட்டுக்கும் இடையே தொடர்பு சரியில்லை என்று கொள்ளலாம். பேஸ்ட்டையும் திருகுகளையும் பார்க்க வேண்டும். பல நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டத்தில் குறை. அப்போது கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, அதே சோதனையை மீண்டும் ஓட்ட வேண்டும். வெப்பநிலை கணிசமாக இறங்கினால், பிழை கேபினெட்டின் காற்றோட்டத்தில் இருக்கிறது, குளிர்விப்பானில் இல்லை.

திரவக் குளிர்விப்பானில் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை. தண்ணீர் நிறைய வெப்பத்தை உள்வாங்கிய பிறகே சூடாகும் என்பதால், வெப்பநிலை நிலைபெறக் கால் மணி நேரம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகிறது. ஐந்து நிமிடச் சோதனை ஏமாற்றிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், முக்கியப் பாகங்கள் எல்லாம் மூடிக்குள் இருப்பது. என் கணினியில் ரேடியேட்டரின் தூசியைத் துடைத்தேன், பேஸ்ட்டைப் புதிதாகப் பூசினேன், விசிறிகளை மாற்றிப் பார்த்தேன். பம்ப் நிமிடத்துக்கு 2,600 சுற்று சுழல்வதாகக் கண்காணிப்பு மென்பொருள் காட்டியதால், பம்பைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் என் தவறு. அந்த எண் மோட்டார் சுழல்வதற்குச் சான்று; தண்ணீர் ஓடுவதற்குச் சான்று அல்ல. மூன்றாம் நாள் மாலையில்தான் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தேன்: ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது அறையின் குளிர்ச்சி. நல்ல ஓட்டம் இருந்தால் இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வேறுபாடு இராது. கையால் அதை உணர்வதே கடினம். அடித்தகட்டின் நுண்ணிய பள்ளங்கள் கசடால் அடைபட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அடைப்பு இல்லாவிட்டாலும், ரப்பர் குழாயின் சுவர் வழியே ஆண்டுக்கணக்கில் தண்ணீர் சிறிது சிறிதாக வெளியேறி, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. பம்ப் மேலேயும் ரேடியேட்டர் கீழேயும் இருக்கும்படி பொருத்தினால் அந்தக் காற்று பம்ப்பில் போய்ச் சேரும். பெரும்பாலான மாடல்களில் தண்ணீரை மறுபடி நிரப்ப வழி இல்லை என்பதால், நல்ல நிலையில் இருக்கும் ரேடியேட்டரையும் சேர்த்தே தூக்கிப்போட வேண்டியிருக்கிறது. என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

புதிய காற்றுக் குளிர்விப்பானில் அதே காணொளி வேலை 74 டிகிரியில் நடக்கிறது. பழையது நன்றாக இருந்த காலத்தைவிட நான்கு டிகிரி கூடுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓராண்டுக்குப் பின் அது 82-க்கு ஏறியபோது, தகடுகளுக்கு இடையே தூசி அடைந்திருப்பது கதவைத் திறந்ததுமே தெரிந்தது. தூரிகையால் துடைத்ததும் பழைய அளவுக்குத் திரும்பியது. கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இருந்தாலும் என் பிராசஸர் இழுப்பது ஏறத்தாழ 180 வாட். மணிக்கணக்கில் 250 வாட்டைத் தொடர்ந்து இழுக்கும் பிராசஸருக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ள திரவக் குளிர்விப்பானே பொருத்தமாக இருக்கக்கூடும். அவ்வளவு பெரியதை நான் நீண்ட காலம் பயன்படுத்தியதில்லை. கணினியை அடிக்கடி இடம் மாற்றுவோரும் யோசிக்க வேண்டும். நாக்டுவாவின் என்எச்-டி15 போன்ற பெரிய காற்றுக் குளிர்விப்பான்கள் விசிறிகளோடு சேர்த்து 1.3 கிலோ எடையுள்ளவை. அந்தப் பாரம் முழுவதையும் பயணத்தின்போது மதர்போர்டு தாங்க வேண்டும். உயரம் 165 மில்லிமீட்டர் என்பதால் ஒடுங்கிய கேபினெட்டுகளில் கதவு மூடாது.

திரவக் குளிர்விப்பானை வாங்குவோர் ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்கும்படி பொருத்தி, பம்ப்பை எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி பயோஸில் அமைத்துக்கொள்வது நல்லது. எந்த வகையானாலும், புதிதாகப் பொருத்திய அன்றே அரை மணி நேரச் சோதனை ஓட்டி, பிராசஸரின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து வரும் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். கோடையில் ஏறியதா, கோளாறால் ஏறியதா என்பதை அந்த ஓர் எண்தான் பிரித்துக் காட்டும். என் கேபினெட் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் பொருத்திய தேதியும் 46 என்ற எண்ணும் இருக்கின்றன.