பழைய மியாட்டாவுக்குப் புதிய ஷாக்: கோனியா, பில்ஸ்டைனா, காய்லோவரா?

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, வட அமெரிக்காவில் இன்றும் மியாட்டா என்றே அழைக்கப்படுகிறது. என்னிடம் இருப்பது முதல் தலைமுறையைச் சேர்ந்த 1994ஆம் ஆண்டுக் கார்: 1.8 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ ஒரு டன் எடை, நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கைகள் தாங்கும்). டொரான்டோவில் மே முதல் அக்டோபர் வரை மட்டுமே இதை ஓட்டுகிறேன். ஆனால் எனக்கு முன்பு வைத்திருந்தவர் பனிக்காலத்திலும் ஓட்டியிருக்கிறார் என்பது, பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு ஏற்றிய துருவைக் காரின் அடியில் படுத்துப் பார்த்தாலே தெரியும். ஸ்பிரிங்குகளின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்களை ஆறு ஆண்டுகளில் இருமுறை மாற்றியிருக்கிறேன். முதல்முறை செய்தது தவறு. இப்போது கோனி நிறுவனத்தின் ஸ்போர்ட் வகை ஷாக்குகளைப் பொருத்தி இரண்டு கோடைகள் ஆகின்றன. ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று நான் சொல்லப்போவதில்லை.

கேஒய்பி நிறுவனத்தின் சாதாரண இரட்டைக் குழாய் ஷாக்குகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கார் புதிதாக வந்தபோது இருந்த மென்மை ஓரளவு திரும்பும். வார இறுதியில் ஏரிக்கரை வரை போய் வருபவருக்கு அதுவே போதும். விலையில் மறுமுனையில் இருக்கும் ஓலின்ஸ் நிறுவன ஷாக்கின் தரம் குறித்து எனக்கு ஐயமில்லை. காரின் மதிப்பில் பெரும்பகுதியை அதற்கே செலவிட வேண்டும் என்பதால் அதையும் கடந்து செல்கிறேன்.

உண்மையான போட்டி மற்ற மூன்றுக்கு இடையில்தான்: மலிவு விலைக் காய்லோவர் (ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக வருவது), பில்ஸ்டைன் நிறுவன ஷாக், கோனி.

நான் முதலில் வாங்கியது காய்லோவர். பெயர் வேண்டாம், அந்த விலையில் கிடைக்கும் பலவும் ஒரே வகைதான். உயரத்தை விரும்பியபடி மாற்றலாம் என்பதே அதன் கவர்ச்சி. முதல் ஆண்டு இருமுறை மாற்றினேன். மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தலாம் என்று ஸ்பேனரை மாட்டியபோது உயரத்தை மாற்றும் வளையம் அசையவே இல்லை. எஃகுக் குழாயின் மரைகளில் அலுமினிய வளையம் இறுகியிருந்தது. இடையில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தூள் படிந்திருந்தது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பது தெரிந்த செய்தியே. பனிக்காலத்தில் ஓட்டாத காருக்கும் அது நேரும் என்பதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. உப்பின் எச்சம் மே மாதத்துச் சாலையோரத் தேங்கலிலும் இருக்கிறது. ஊடுருவும் எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டும் பயனில்லை. சூடேற்றியபோது வளையத்தின் காடி உடைந்தது. உயரத்தை மாற்றத்தான் அதை வாங்கினேன், அந்த ஒரு காரியமே நடக்கவில்லை. ஆண்டுதோறும் கழற்றிக் கழுவி, மரைகளில் இறுகல் தடுப்புப் பசை பூசும் பொறுமை உள்ளவருக்கு இந்தக் குறை பொருந்தாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. முதல் தலைமுறை மியாட்டாவில் சக்கரம் மேல்நோக்கி நகர்வதற்கான இடம் இயல்பாகவே குறைவு. காரைத் தாழ்த்தினால் சிறு பள்ளத்திலும் ஷாக் அதன் நகர்வின் எல்லையில் உள்ள பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பில் போய் முட்டும். அந்த முட்டலைத்தான் நாம் 'கெட்டியான சஸ்பென்ஷன்' என்று எண்ணிக்கொள்கிறோம். ஷாக்கின் உச்சியைக் காருடன் இணைக்கும் மேல்மவுண்டுகளுக்குப் பதில் இரண்டாம் தலைமுறைக் காரின் மேல்மவுண்டுகளைப் பொருத்தினால் கூடுதல் நகர்விடம் கிடைக்கும். நானும் அதைச் செய்திருக்கிறேன். எந்த ஷாக்கை வாங்கினாலும் இதைச் செய்வது நல்லது.

பில்ஸ்டைனுக்கு எதிராக என்னிடம் வலுவான வாதம் இல்லை. 1994இல் அமெரிக்கச் சந்தையில் வந்த ஆர் பேக்கேஜ் என்ற ஸ்போர்ட் வகைக் காரில் மாஸ்டாவே அதைத்தான் பொருத்தியது. ஒற்றைக் குழாயில் உயரழுத்த நைட்ரஜனை மிதக்கும் பிஸ்டன் எண்ணெயிலிருந்து பிரித்து வைப்பதால், தொடர்ந்து ஓட்டினாலும் எண்ணெய் நுரைப்பதில்லை. நண்பரின் காரில் ஓர் அரைநாள் ஓட்டிப் பார்த்தேன்: திருப்பங்களில் உறுதி, சிறு வெடிப்புகளில் லேசான கடுமை. அரைநாள் அனுபவத்தை வைத்து அதற்குமேல் சொல்வது முறையன்று. பந்தயத் தடத்தில் நான் ஓட்டியதில்லை. அங்கே கோனியை அது வெல்லவும் கூடும்.

பிறகு ஏன் கோனி? பராமரிப்பு ஒன்றே காரணம். அதன் உடலில் ஸ்பிரிங் தட்டை நிறுத்த வெறும் காடிகளும் ஒரு வளையக் கம்பியும் மட்டுமே உள்ளன. உப்பு புகுந்து இறுக மரைகளே இல்லை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு, ஷாக்கின் உச்சியில் இருக்கிறது. முன்புறம் பானெட்டைத் திறந்தாலும் பின்புறம் டிக்கியின் விரிப்பை விலக்கினாலும் அது கைக்கு எட்டும். இப்போது முன்புறம் முக்கால் சுற்று, பின்புறம் அரைச் சுற்று வைத்திருக்கிறேன். ஆண்டுகள் செல்லச் செல்ல ஷாக் தளர்ந்தால் இன்னும் சற்றுத் திருகி அந்தத் தளர்ச்சியை ஈடுகட்டலாம். பில்ஸ்டைனில் அதற்குக் கழற்றி அனுப்பித்தான் ஆக வேண்டும். அமுங்கும்போது உள்ள தடையை இந்தத் திருகு மாற்றாது. எனவே பெரிய பள்ளத்தில் விழும் அடி எந்த நிலையில் வைத்தாலும் ஒன்றுதான்.

ஸ்பிரிங்குகளைப் பழையபடியே விட்டுவிட்டேன். கார் தாழ்வாகத் தெரியவில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள், உண்மைதான்.

என் கணிப்பில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய இந்தக் காரின் கீழ்க்கைகளில் 8 கேம் போல்ட்டுகள் உள்ளன. பின் இடப்பக்கத்துப் போல்ட் ஒன்று, கையின் முனையில் உள்ள புஷ் என்ற ரப்பர் உறையின் எஃகுக் குழலோடு சேர்ந்து துருவேறி, சுத்தியலுக்கும் அசையவில்லை. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். புதிய புஷ்ஷுகள் பெட்டியிலேயே கிடக்கின்றன. அதுவரை அந்தச் சக்கரத்தின் கோணம் சரியாக இராது. இடப்பக்கத் திருப்பங்களில் நான் உணரும் சிறு தயக்கம் கோனியுடையதா அந்தப் போல்ட்டினுடையதா என்பதை இப்போதைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.