செவ்வரத்தம்பூவுக்குக் கோவாவின் அட்டவணையா?

மட்டக்களப்பு நகரில் ஒரு புத்தகக்கடையில் 'தாவரக் காட்டிகள்' என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கண்டு, தரம் 7 படிக்கிற மகளுக்கும் தங்கச்சியின் மகனுக்கும் சேர்த்து வாங்கினேன். பூ, மஞ்சள் ஆகியவற்றின் நிறம் மாறுவதை வைத்து ஒரு பொருள் அமிலமா மூலமா (காரமா) என்று கண்டுபிடிக்கிற பெட்டி இது. விலை 1,800 ரூபா. காய்ந்த செவ்வரத்தம்பூ இதழ், காய்ந்த காக்கணம்பூ (நீலச் சங்குப்பூ), மஞ்சள்தூள், அப்பச்சோடா, சித்திரிக் அமிலம், வடிதாள், சொட்டுக்குழாய், பிளாஸ்டிக் சோதனைக்குழாய்கள், ஒரு நிற அட்டவணை, ஒரு செய்முறைத்தாள், இவ்வளவும் உள்ளே இருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். காக்கணம்பூப் பொதி மிகத் தரமானது. பூவை நிழலில்தான் உலர்த்தியிருக்க வேண்டும், நீலம் கொஞ்சமும் வெளிறவில்லை. ஐந்தாறு பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் கடும் நீலச் சாறு இறங்குகிறது. அதில் தேசிக்காய்ப்புளி விட்டதும் ஊதாவாகிவிடுகிறது. தயிர்ச்சட்டியில் மேலே நிற்கிற தண்ணீரை விட்டுப் பார்த்தோம். மெல்லிய ஊதா ஏறியது, தேசிக்காய் அளவுக்கு இல்லை. இரண்டும் அமிலம்தான், ஆனால் ஒன்று மற்றதைவிடக் கடுமையானது என்பதை நான் வாய் திறக்காமலே பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரில் அதே சாறு பச்சையாகி, வைத்திருக்க வைத்திருக்க மஞ்சளை நோக்கிப் போனது. பாசிச்சாயத்தாளில் (லிட்மஸ் தாள்) சிவப்பா நீலமா என்பதோடு கதை முடிந்துவிடும். இதில் இடைப்பட்ட நிறங்களும் கிடைக்கின்றன.

இனிக் குறை. பெட்டியில் இருக்கிற நிற அட்டவணை சிவப்புக் கோவாவுக்கு (முட்டைக்கோசு) உரியது. சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று வரிசையாகப் போகிறது. பெட்டியிலோ கோவாவே இல்லை! செவ்வரத்தம்பூச் சாறு அமிலத்தில் இளஞ்சிவப்பாகிறது, மூலத்தில் பச்சையாகிறது, நடுவில் ஒரு மங்கல் ஊதா. தெளிந்த நீலம் அதில் வருவதே இல்லை. அப்பச்சோடாவைக் கூட்டிக் குறைத்து நீலத்தைத் தேடிக் களைத்துப்போய், "அம்மா, நாம பிழையாச் செஞ்சிட்டமா?" என்று மகள் கேட்டாள். பிள்ளை சரியாகத்தான் செய்தாள், அட்டவணைதான் பிழை. இந்தப் பூக்களுக்கும் கோவாவுக்கும் நிறம் தருவது அந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்துச் சாயங்கள். ஆனாலும் செடிக்குச் செடி அவற்றின் அமைப்பு வேறு, அதனால் நிறம் மாறும் விதமும் வேறு. பூவுக்கு ஒன்றாகத் தனித்தனி அட்டவணை அச்சிட எவ்வளவு செலவாகிவிடப் போகிறது? கண்ணால் கண்டதை நம்பாதே, தாளில் உள்ளதை நம்பு என்று பிள்ளைக்குப் பழக்குகிற பிழை இது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அட்டவணையைத் தூக்கி வைத்துவிட்டு நாங்களே ஒன்று செய்தோம். பிஎச் என்பது அமிலம், மூலம் ஆகியவற்றின் அளவைச் சொல்லும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே மூலம். தேசிக்காய்ப்புளி (பிஎச் ஏறத்தாழ 2), தயிர்த் தண்ணீர் (4 முதல் 4.5), அப்பச்சோடாக் கரைசல் (8.3 அளவில்), தெளிந்த சுண்ணாம்பு நீர் (12க்குச் சற்று மேல்), இவற்றில் பூச்சாறு ஊறிய வடிதாள் துண்டுகளை நனைத்து ஒட்டினால் வீட்டு அட்டவணை ஆயத்தம்.

செய்முறைத்தாள் 'தண்ணீர்' என்று மட்டும் சொல்கிறது. எங்கள் கல்லடிக் கிணற்றுத் தண்ணீரில் செவ்வரத்தம்பூச் சாறு ஆரம்பத்திலேயே மங்கிப்போனது. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கிற பைகாபனேற்றே (அப்பச்சோடாவிலும் இருப்பது) சாற்றின் நிறத்தை மாற்றப் போதும். கராஜில் வாங்குகிற பற்றரித் தண்ணீர் காய்ச்சி வடித்தது, அதில் சாறு எடுத்தால் நிறம் சுத்தமாக வரும். பற்றரி அசிட் வேறு, அது சல்பூரிக்கமிலம். போத்தலைப் பார்த்து வாங்குங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாகும் என்ற எச்சரிக்கையும் தாளில் இல்லை. அந்த வேலையைப் பெரியவர்கள் செய்வதே நல்லது.

மஞ்சளைப் பற்றித் தாள் பாதிதான் சொல்கிறது. அமிலத்தில் மஞ்சள், மூலத்தில் சிவப்பு என்கிறது. வெறும் தண்ணீரிலும் மஞ்சள் மஞ்சளாகத்தான் இருக்கும், எனவே வினாகிரியையும் தண்ணீரையும் அதால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள். சிவப்பு கலைந்து பழைய மஞ்சள் திரும்பி வரும். அன்று பிள்ளைகள் இருவரும் மிகக் கூடுதலாக ஆர்ப்பரித்தது இதற்குத்தான். இது தாளில் ஒரு வரியாகக்கூட இல்லை.

தாளின் பின்பக்கத்துக் குறிப்பு பரவாயில்லை. ரொபேட் பொயில் என்ற விஞ்ஞானி வயலற்பூச் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் 1664இல் எழுதி வெளியிட்டதைச் சொல்கிறது.

வாங்கலாமா? சொட்டுக்குழாயும் சோதனைக்குழாய்களும் உறுதியானவை, காக்கணம்பூவும் நல்லது, அதனால் வாங்கலாம். 1,200 ரூபா என்றால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். சாற்றைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தாலும் சில நாளில் புளித்து மணக்கும். வடிதாளில் ஊறவைத்து உலர்த்தி, வெளிச்சம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வரத்தம்பூப் பொதியைத் தனியாகவும் விற்கிறார்கள். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம், வேலியில் பூத்திருப்பதைப் பறித்து அன்றைக்கே சாறு எடுத்தால் அதைவிட நன்றாக வருகிறது.