நேரம் மாறி மாறி வரும் ஊழியர்களுக்கு இந்தச் சம்பளச் செயலி சரிப்படாது
கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வாழையிலை உணவகத்தில் பாதிப் பேருக்கு நிலையான வேலை நேரம் கிடையாது. அவர்களுக்காகத்தான் இந்தச் செயலியையே வாங்கினோம். சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எல்லாம் சரி, விடுமுறைக் கணக்குதான் மோசம். இலையில் பரிமாறும் அக்கா ஒருவர், வேலைக்கு வந்து மூன்று வருடம், வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரம். எங்கள் முழு நேர ஆட்களுக்கு 45 மணி என்பதால் அவருடையது ஏறக்குறைய 44 விழுக்காடு, அதாவது 30-க்கு மேல், 70-ஐத் தாண்டவில்லை, அப்படியானால் மலேசியாவின் 2010 பகுதி நேர ஊழியர் விதிமுறைப்படி அவர் பகுதி நேர ஊழியர்தான், ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. செயலி காட்டியது பூஜ்யம்! ஒரு வாரம் 12 மணி, அடுத்த வாரம் 28 மணி என்று போட்டாலே குழம்பிவிடுகிறது. அக்காவுக்குச் சேர வேண்டிய நாள்கள் அவை, விட முடியுமா? கையால் திருத்த வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. இதற்கு மாதச் சந்தா வேறு.