தெளிந்த கோப்பையா, கறுப்புக் கோப்பையா?

ஒயின் சுவைத்துப் பழக இரண்டு வகைக் கோப்பைகள் உண்டு. ஒன்று, நிறமோ வேலைப்பாடோ இல்லாத தெளிந்த கண்ணாடி. இன்னொன்று, உள்ளே இருப்பது சிவப்பா வெள்ளையா என்றே தெரியாத கறுப்புக் கண்ணாடி. இரண்டிலும் பழகிவிட்டு, நான் தெளிந்ததையே வைத்துக்கொண்டேன்.

கறுப்புக் கோப்பைக்காரர்களின் வாதம் வலுவானதுதான். மோரோ, புரோஷே, துபூர்தியூ மூவரும் பிரான்சின் போர்தோ நகரில் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய வாசனைகளையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

சரி, ஆனால் ஒயினின் வயதை வேறு எது இவ்வளவு சீக்கிரம் சொல்லும்? வெள்ளைத் தாளுக்கு மேலே கோப்பையைச் சாய்த்து, ஒயினின் ஓரத்தைப் பாருங்கள். இளம் சிவப்பு ஒயினில் அங்கே ஊதா தெரியும். வருடம் ஏற ஏற, திராட்சைத் தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின் என்ற நிறமி, துவர்ப்பைத் தரும் டானினோடு சேர்ந்து உருமாறும். ஓரம் மாணிக்கச் சிவப்பாகி, செங்கல் நிறமாகி, பழுப்புக்குப் போகும். வெள்ளை ஒயினோ வயதாக ஆக நிறம் கூடிப் பொன்னாகும். வழக்கமான உலர் (இனிப்பில்லாத) வெள்ளை ஒயின் இரண்டே வருடத்தில் பழுப்பாகிவிட்டால், காற்றுப் பட்டுக் கெட்டிருக்குமோ என்று வாயில் வைக்கும் முன்பே உஷாராகலாம். கறுப்புக் கோப்பையில் இந்த எச்சரிக்கையே கிடையாது. எனக்கு முடிவைத் தந்தது இதுதான்.

ஓரமும் சில நேரம் ஏமாற்றும். பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினுக்கான நெபியோலோ திராட்சை இளமையிலேயே ஆரஞ்சு காட்டத் தொடங்கும். பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் தோல் மெல்லியது; அதன் வெளிறிய நிறத்தைப் பார்த்துச் சுவையைக் குறைத்து எடைபோடுவது அநியாயம். கோப்பைச் சுவரில் வழியும் கோடுகளை வைத்துத் தரம் சொல்பவர்களையும் நம்பவேண்டாம். அவை முக்கியமாக ஆல்கஹால் ஆவியாவதால் வருபவை.

அதனால் கண்ணால் பார்த்து வயதையும் நிலையையும் மட்டும் குறித்துக்கொள்கிறேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டுதான் முகர்வது. நுரைக்கும் ஒயினில் எனக்குப் பழக்கம் குறைவு; அதற்கும் இதே தீர்ப்பு பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். மூக்கை மட்டும் தீட்ட நினைப்பவர்கள் கறுப்பையே வாங்கலாம்.

தெளிந்ததுதான் என்றால் ஒயின் சுவைப்பதற்கான சர்வதேசத் தர அளவான ஐஎஸ்ஓ 3591 கோப்பை போதும். சுமார் 215 மி.லி. கொள்ளும், 50 மி.லி. ஊற்றினால், நன்றாகச் சாய்த்தாலும் சிந்தாது.