எலெக்ட்ரான் திரவத்தைப் பார்க்க எது சிறந்த பொருள்?

சாதாரணச் செம்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் அசுத்த அணுக்களிலும், அதிரும் படிகக் கூட்டிலும் முட்டி முட்டியே உந்தத்தை இழக்கின்றன. மிகத் தூய பொருளில் இந்த முட்டல்கள் அரிதாகி, எலெக்ட்ரான்கள் தங்களுக்குள் மோதுவது மிஞ்சிவிட்டால் உந்தம் கூட்டத்துக்குள்ளேயே கைமாறும். அப்போது அவை வாய்க்கால் தண்ணீர்போல நடுவில் வேகமாகவும் கரையோரம் மந்தமாகவும் ஓடும்; இதுதான் எலெக்ட்ரான் திரவம். அந்த நிலையில் மெல்லிய கம்பியைச் சூடாக்கினால் மின்தடை குறையலாம் என்று 1963-லேயே கணித்தவர் இயற்பியலாளர் ராடி குர்ஜி.

முதல் தடயம் 1990-களின் நடுவில், காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியில் கிடைத்தது. படிகத்தைக் குளிராகவே வைத்து, மின்னோட்டத்தால் எலெக்ட்ரான்களை மட்டும் சூடாக்கினார்கள். தடை கொஞ்சம் ஏறி, அப்புறம் இறங்கியது. அருமையான சோதனைதான், ஆனால் ஓட்டத்தின் வடிவத்தை அது காட்டவில்லை.

உண்மையான போட்டி 2016-ல் வந்தது: பலேடியம் கோபால்டேட் என்ற உலோக ஆக்சைடா, ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனா?

பலேடியம் கோபால்டேட்டின் தூய்மை பிரமிக்க வைக்கும். நன்கு குளிர்ந்த நிலையில் எலெக்ட்ரான் சுமார் 20 மைக்ரான் தூரம் இடறாமல் போகும். அயனிக் கற்றையால் செதுக்கி, வாய்க்காலைப் படிப்படியாகக் குறுக்கித் தடையை அளந்தார்கள். ஆனால் இதன் ஃபெர்மிப் பரப்பு (எலெக்ட்ரான்கள் எந்தத் திசைகளில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் வடிவம்) கிட்டத்தட்ட அறுகோணம். எலெக்ட்ரான்கள் சில திசைகளிலேயே சாய்ந்து ஓடுவதால், தடை மாறுவதற்குப் பாகுத்தன்மைதான் காரணமா, சுவரில் மோதுவதா என்று பிரிப்பது சிரமம். எலெக்ட்ரான் எண்ணிக்கையையும் நினைத்தபடி மாற்ற முடியாது.

கிராஃபீனில் அந்த வசதி இருக்கிறது. போரான் நைட்ரைடு என்ற மின்காப்புப் பொருளின் தாள்களுக்கு நடுவே வைத்து, 'கேட்' எனும் பக்கத்து மின்முனையின் மின்னழுத்தத்தைத் திருகினால் எலெக்ட்ரான்கள் கூடும், குறையும். கார்பன் வலை விறைப்பானது என்பதால் 100 கெல்வினைத் தாண்டியும் அதன் அதிர்வு பெரிதாகத் தொல்லை தராது. அதே வெப்பத்தில் எலெக்ட்ரான்களின் பரஸ்பர மோதலோ மும்முரமாகிறது. மின்னோட்டம் நுழையும் முனைக்குப் பக்கத்திலேயே மின்னழுத்தம் எதிர்க்குறிக்குப் போனதை மான்செஸ்டர் குழு அளந்தது. ஓடும் திரவம் தன்னை ஒட்டியதை இழுத்துச் செல்வதன் அடையாளம் அது. 2017-ல் இன்னும் வியப்பு: எலெக்ட்ரான்கள் தடையே இல்லாமல் தனித்தனியாகப் பாய்ந்தால் ஒரு குறுகிய இடைவெளி எவ்வளவு கடத்துமோ, அதைவிட அதிகமாகக் கடத்தியது! கூட்டமாகப் போகும்போது ஓரச் சுவரில் முட்டுபவை குறைகின்றன. 2019-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் ஓட்டத்தின் பரவளைய வடிவமே படமாக்கப்பட்டது.

சரி, டங்ஸ்டன் டைடெல்லூரைடு என்ற அடுக்குப் படிகம்? 2022-ல், பட்டையின் ஓரத்தில் இணைத்த வட்ட அறைகளுக்குள் எலெக்ட்ரான் சுழல்கள் நேரடியாகவே படத்தில் விழுந்தன. அதே வடிவத் தங்கத்தில் சுழல் இல்லை. கண்ணுக்கு இதைவிட அழகான சான்று கிடையாது. ஆனால் 4.5 கெல்வின் குளிரில் அங்கே எலெக்ட்ரான்களின் பரஸ்பர மோதல் போதாது. மேற்பரப்பில் பட்டுச் சிறு கோணங்களில் திரும்புவதே சுழலுக்குக் காரணம் என்று அந்தப் படத்தை எடுத்த குழுவே விளக்கியது. அதனால் என் ஓட்டு கிராஃபீனுக்குத்தான். அங்கே வெப்பத்தை ஏற்றி இறக்கினால், திரவம் உருவாவதையும் கலைவதையும் ஒரே துண்டில் பார்த்துவிடலாம்.